தோற்றோர் நல ஒப்பந்தம்

மனைவியும் மகளும் ரயிலேறிப் போனது ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு இருபதுக்கு. ரயில் ஏழு பத்துக்கே கிளம்பியிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத் தாமதம் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் தயாரித்துக் கொண்டுவந்திருந்த பட்டியலில் அது நான்காவது வரி.

பட்டியலில் மொத்தம் முப்பத்தொரு வரிகள். பயணத்தில் என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி, நடக்கும் வாய்ப்புக்கு ஐந்துக்கு இத்தனை, நடந்தால் வரும் பாதிப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, இரண்டையும் பெருக்கி, பெரிய எண்களுக்குச் சிவப்பும் சின்ன எண்களுக்குப் பச்சையும் தீட்டியிருந்தார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மேலிருந்து கீழே படித்தாள்.

“என்னங்க இது, பொண்ணு கதவோரம் போய் நின்னா அஞ்சு, பெட்டிச் சக்கரம் உடைஞ்சா ஆறா?”

“வாய்ப்பையும் பாதிப்பையும் பெருக்கினா அப்படித்தான்மா வரும். சக்கரம் உடையறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி.”

“சரி, அப்ப நான் பெட்டியக் கெட்டியாப் பிடிச்சுக்கறேன். பொண்ணு அவ பாட்டுக்கு நிக்கட்டும்.”

ஒன்பது வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பெருக்கலில் தவறு இல்லையே என்று மனதுக்குள் இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி பிசியோதெரபி செய்பவள். எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் பெருநகரத்து மருத்துவமனை ஒன்று அவளைத் தன் பிரிவுக்கே தலைவியாக அழைத்திருந்தது. அவருடைய வங்கியின் தலைமை அலுவலகமும் அதே நகரத்தில்தான். அங்கே இடர் மேலாண்மைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விடலாம். ஒரே ஒரு நிபந்தனை: நிதி இடர் மேலாண்மையில் பன்னாட்டுச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்கான பரீட்சைக்குத்தான் அவர் ஐந்து வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“பரீட்சை முடியட்டும், வந்துடறேன்” என்றார்.

“பாஸ் பண்ணிட்டு வாங்க. பண்ணலைன்னாலும் வாங்க” என்றாள் அவள்.

ரயில் நகர்ந்தது. அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் நேராக அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘எதுக்கும் சார்’ என்று பெயர். எதைச் செய்தாலும் “எதுக்கும் இருக்கட்டும்” என்று சொல்வார் என்பதால் வந்தது. வெயில் கொளுத்தும் நாளில் குடை, எதுக்கும் இருக்கட்டும். சட்டைப்பையில் இரண்டு பேனா, மேசை இழுப்பறையில் மூன்றாவது. மின்தூக்கி பழுதானால் என்ன செய்வது என்று எதுக்கும் படிக்கட்டிலேயே ஏறுவார். படியில் வழுக்கிவிட்டால் என்ன செய்வது என்று கைப்பிடியை விடமாட்டார். நாற்பத்து மூன்று வயது. இதுவரை அவருக்குக் கெட்டது எதுவும் நடந்ததில்லை. நல்லதும் அப்படியொன்றும் நடந்துவிடவில்லை.

அவர் வேலை பார்த்தது வங்கியின் மண்டல அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறையில். மூன்று பேர் கொண்ட இடர் பிரிவு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தலைமை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். மண்டலத்துக் கிளைகள் எங்கெல்லாம் சறுக்கலாம், யார் வாங்கிய கடன் வராமல் போகலாம், எந்தக் கிளையில் கணினி நின்றுபோகலாம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி, சிவப்பு, மஞ்சள், பச்சை தீட்டி அனுப்ப வேண்டும். மூன்று பேரும் கட்டங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு நான்கு நாள் வேலை. மேலாளருக்குச் சிவப்பு நிறம் ஆகாது. அறிக்கை அவர் மேசைக்குப் போகும். சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும், பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போகும். ஒரு வரிப் பதில் வரும். அதற்கு மேல் அங்கே அதற்கு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. கேட்கும் அளவுக்கு யாருக்கும் பொழுது போகாமல் இல்லை.

பரீட்சைக்கு இரண்டு பகுதி. முதல் பகுதியில் அவர் தேறி நான்கு வருடம் ஆகப்போகிறது. நான்கு வருடத்துக்குள் இரண்டாம் பகுதியிலும் தேறாவிட்டால் முதல் பகுதியில் பெற்ற தேர்ச்சியும் காலாவதி, மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் பகுதியை அவர் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தார். வரும் நவம்பர்தான் கடைசி வாய்ப்பு. இதில் தவறினால் சான்றிதழ் இல்லை, மாற்றல் இல்லை, மனைவியும் மகளும் அங்கே, அவரும் அவருடைய குடையும் இங்கே.

படிப்பதற்கு முன்னால் அட்டவணை போட வேண்டும் அல்லவா? மூன்று வாரம் உட்கார்ந்து போட்டார். ஐந்து தடிமனான புத்தகங்கள். சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்ததில் நாலு கிலோ அறுநூறு கிராம். சந்தை இடருக்கு இத்தனை மணி நேரம், கடன் இடருக்கு இத்தனை, உடல்நலம் கெட்டால் ஒதுக்கீடு இத்தனை, ஒதுக்கீடு போதாமல் போனால் அதற்கு ஓர் ஒதுக்கீடு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். அட்டவணை முடிந்த அன்று, அலுவலக நேரமும் தூக்கமும் போக நவம்பருக்குள் அவ்வளவு மணி நேரம் மிச்சமில்லை என்று தெரியவந்தது.

அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் அதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தார்கள். ஒருவன் காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு திரிந்ததால் ‘ஹெட்போன்’ என்று அழைக்கப்பட்ட இருபத்தெட்டு வயது இளைஞன். இன்னொருவர் பெரியக்கா. ஐம்பத்தாறு வயது, ஓய்வுக்கு நான்கு வருடம். வங்கி பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு ஆறு நாள் படிப்பு விடுமுறையும் கொடுக்கிறது என்பதால் ஆறு வருடமாக முதல் பகுதியை எழுதிவருகிறார். ஆறு முறையும் அந்த விடுமுறையில் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார்.

தினமும் காலை ஏழு மணிக்கு மூவரும் கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படிப்பது என்று ஏற்பாடு. ஹெட்போன் நன்றாகவே படித்தான். எதுக்கும் சார் கேட்ட கணக்குகளுக்கு அவர் கால்குலேட்டரை எடுத்து, அது வேலை செய்யவில்லையென்றால் இருக்கட்டும் என்று இரண்டாவதையும் எடுத்து வைப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். பெரியக்கா குறுக்கெழுத்துப் புதிர் போடுவார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அவருக்கு அந்த யோசனை வந்தது. மாதக் கடைசி அறிக்கைக்குப் போகும் நான்கு நாளும் படிப்புக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? மூன்று பேரில் தேறப்போவது யார், தேறாமல் போகப்போவது யார் என்று கணக்குப் போட்டார். ஹெட்போன் தேற எழுபது சதவீதம். தான் தேற முப்பத்தைந்து. பெரியக்காவை எண்ணில் அடக்க முடியவில்லை. ஆக, இந்த அறையில் தோற்றுப்போகும் ஆபத்தில் இருப்பவர் தான்தான். ஆபத்து இருக்கும் இடத்தில் காப்பீடு வேண்டும். படித்த படிப்பு அப்படித்தான் சொல்கிறது.

மறுநாள் காலை ஒரு தாளை மேசையில் வைத்தார். தலைப்பு: ‘தோற்றோர் நல ஒப்பந்தம்’. யார் தேறுகிறாரோ அவர், தேறாதவர்களின் மாதக் கடைசி அறிக்கைப் பங்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும். தேறாதவர்கள் தேறும்வரை.

“அதாவது நான் ஃபெயிலானா என் வேலைய நீ பாப்ப?” என்றார் பெரியக்கா.

“நான் பாஸானா பாக்கறேன் அக்கா. அந்த நேரத்துல நீங்க அடுத்த பரீட்சைக்குப் படிக்கலாம்.”

“எதுவரைக்கும்?”

“நீங்க பாஸாகற வரைக்கும்.”

பெரியக்கா புதிரை மடித்து வைத்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பரீட்சை சம்பந்தப்பட்ட ஒரு தாளை முழுதாகப் படித்தார். “தம்பி, இவ்வளவு அறிவ வெச்சுக்கிட்டு நீ ஏன் இன்னும் மூணாவது மாடியிலயே இருக்க? பேனா குடு.”

ஹெட்போன் ஒரு காதிலிருந்ததை மட்டும் கழற்றினான். “சார், ரெண்டு பேர் பாஸானா?”

“ஃபெயிலானவங்க பங்கப் பாதிப் பாதி பிரிச்சுக்கணும்.”

“ஒருத்தர் மட்டும் பாஸானா மூணு பேர் வேலையும் அவருக்கா?”

“கணக்குப்படி அதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மிப்பா.”

ஹெட்போன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இப்படிப்பட்டவர்களை எல்லாம் கடவுள் எதற்காகப் படைக்கிறார் என்பதற்கு விடை கிடைத்த மாதிரி ஒரு பார்வை. கையெழுத்துப் போட்டான். எதுக்கும் இருக்கட்டும் என்று சார் அதை மேலாளரிடம் கொண்டுபோய்ச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, மூன்று நகல் எடுத்து, அசலை உறையில் போட்டு ஒட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து ஹெட்போன் காலையில் எட்டரைக்கு வந்தான். அதற்கடுத்த வாரத்திலிருந்து வரவே இல்லை. “படிப்பு எப்படிப்பா போகுது?” என்று கேட்டால், “அதுபாட்டுக்குப் போகுது சார்” என்பான். பெரியக்கா மட்டும் தவறாமல் வந்து, காபி குடித்து, புதிர் போட்டு, “நீ படி தம்பி, நல்லாப் படி” என்று மனதார ஊக்கம் கொடுத்தார். தன் மேல் இவ்வளவு அக்கறை வைத்திருக்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் வருவாள். புதுப் பள்ளியில் வரைந்த படங்களைக் காட்டுவாள். அவர் அந்தப் படங்களுக்குப் பின்னால் சுவரில் தெரியும் மின்சார இணைப்பைப் பார்ப்பார். “அந்த பிளக் பாயிண்ட்டுக்கு மூடி போடச் சொல்லு அம்மாவ.”

“அப்பா, நான் வரைஞ்சது என்னன்னு சொல்லு.”

“குதிரை.”

“நீதான்ப்பா அது. குடை வெச்சிருக்க.”

நவம்பரில் பரீட்சை. ஒரு மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில், கண்ணாடித் தடுப்புகளுக்கு நடுவில் கணினி வைத்த கூடம். இரண்டு கால்குலேட்டர், நான்கு பேட்டரி, கடவுச்சீட்டு, கடவுச்சீட்டின் நகல், நகலின் நகல். முந்தின நாளே அங்கே போய்வந்து, இரண்டு வழிகளில் எது சீக்கிரம் என்று பார்த்து வைத்திருந்தார். பரீட்சையன்று மூன்றாவதாக ஒரு வழியில் போய், ஒன்றே கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார். கீழே கடைக்காரர் அவரைக் கட்டில் வாங்க வந்தவர் என்று நினைத்து மூன்று மெத்தைகளில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டார்.

பெரியக்கா வரவில்லை. முழங்கால் வலி என்று தகவல். ஹெட்போன் வந்திருந்தான். ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் எழுந்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனான். எவ்வளவு கெட்டிக்காரன், முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டானே என்று அவர் வியந்தார்.

அப்போது அவர் முன்னால் திரையில் இருந்தது முப்பத்தொன்றாவது கேள்வி. இழப்பு வந்தால் இன்னொருவர் சுமப்பார் என்று தெரிந்ததும் ஒருவர் தன் முயற்சியைக் குறைத்துக்கொள்கிறார். பின்வரும் நான்கு சூழல்களில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு எது?

இதை அவர் பத்து முறையாவது படித்திருந்தார். மூன்றாவது புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம், பச்சைப் பேனாவால் அடிக்கோடிட்டது. மாதிரித் தேர்வுகளில் ஒருமுறைகூட இதில் தவறியதில்லை. சட்டென்று ‘இ’ என்று அழுத்தினார். அழுத்திய கை அப்படியே நின்றது. கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். காலியாக இருந்த மாடிப்படியைப் பார்த்தார். முழங்கால் வலியை நினைத்துப் பார்த்தார். காதுமடல் சூடாகியது.

இன்னும் நாற்பத்தொன்பது கேள்விகள். அவரும் இப்போதே எழுந்து போய்விடலாம். மூன்று பேரும் தோற்றால் ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது. அந்த எண்ணம் வந்து ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தது. குடை பிடித்த குதிரையும் வந்தது. அவர் முப்பத்திரண்டாவது கேள்விக்குப் போனார்.

ஜனவரி முதல் வாரத்தில் முடிவு வந்தது. தேர்ச்சி. இந்தப் பரீட்சையில் மதிப்பெண் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு பாடத்திலும் எழுதியவர்களை நான்கு கூறாக்கி, நீ எந்தக் கூறில் இருக்கிறாய் என்று மட்டும் சொல்வார்கள். கடன் இடரில் அவர் முதல் கூறு. சந்தை இடரில் இரண்டாவது. மனிதர்களாலும் அவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளாலும் வரும் இழப்புகளைப் பற்றிய பாடத்தில், கடைசி.

மனைவிக்குப் போன் செய்தார். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். “எப்ப வர்றீங்க?”

“மாற்றல் உத்தரவு வரட்டும்.”

பெரியக்கா கேன்டீனில் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தார். “எனக்கு அப்பவே தெரியும் தம்பி, நீ விட மாட்டேன்னு.” பிறகு கைப்பையிலிருந்து தன் பங்கு நகலை எடுத்து, மடிப்பு நீக்கி, மேசையில் வைத்தார். “இந்த மாசத்துலேருந்துதானே?”

“நான் முதல் பக்கத்துலேயே அவுட் சார்” என்றான் ஹெட்போன், சோகமாக இருக்க முயன்று. “என்ன படிச்சும் ஏறல.”

மூன்று பேர் பங்கையும் ஒருவரே செய்ய மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. இவருக்குச் சரிபார்க்கும் பழக்கம் உண்டு, அதனால் பதினெட்டு. ஏப்ரலில் மாற்றல் உத்தரவு வந்தது. ஆனால் மேலாளர் விடுவித்துக் கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். உத்தரவை எடுத்துக்கொண்டு போனார்.

“எப்படி சார் விடறது?” என்றார் மேலாளர். “மூணு பேர் வேலைய நீங்க ஒருத்தரே பாக்கறீங்க. நீங்க போயிட்டா இந்தப் பிரிவே படுத்துடும். ஒரே ஆள நம்பி ஒரு ஆபீஸ் இருக்கறது எவ்வளவு பெரிய ரிஸ்க்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க படிச்சவரு.”

“ஆமா சார்.”

“இத நம்ம ரிப்போர்ட்லயே போட்டுடுங்க.”

போட்டார். இருநூற்றுப் பதின்மூன்றாவது கட்டமாக: ‘ஓர் அலுவலரையே சார்ந்திருத்தல்.’ வாய்ப்பு ஐந்து, பாதிப்பு ஐந்து. தடுக்கும் வழி: ‘அந்த அலுவலரை விடுவிக்காதிருத்தல்.’ தானே எழுதி, தானே சரிபார்த்து, தானே சிவப்பு தீட்டினார். மேலாளர் அதையும் மஞ்சளாக்கினார்.

இனி ஒரே வழி, அந்த இரண்டு பேரையும் தேறவைப்பது. சான்றிதழ் வாங்கிய மனிதர் மறுபடி காலை ஏழு மணிக்குக் கேன்டீனில் உட்கார்ந்தார். குறிப்பெடுத்துக் கொடுத்தார், கெஞ்சினார். ஹெட்போன் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு தலையாட்டினான். அது பாட்டுக்கா பாடத்துக்கா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“அக்கா, உங்களுக்காக இல்லைன்னாலும் எனக்காகப் படிங்க. என் பொண்ணு அங்க இருக்கா.”

“படிக்கறேன் தம்பி. மண்டையில நிக்கணுமே” என்றார் பெரியக்கா. “ரிட்டயர் ஆகறதுக்குள்ள எப்படியும் பாஸ் பண்ணிடுவேன், கவலப்படாத.”

ஜூலை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாதமாகவே செய்வது போல, மகள் முகம் மட்டும் தெரியும்படி திரைக்கு மிக அருகில் வந்து பேசிக்கொண்டிருந்தாள். “அப்பா, கட்டுப் பிரிச்சாச்சு. கை ஒல்லியாயிடுச்சு பாரேன்.”

“என்ன கட்டு?”

“சைக்கிள்லேருந்து விழுந்தேன்ல.”

மனைவி திரைக்குள் வந்தாள். நான்கு வாரம் முன்னால் நடந்தது. இடது முன்கை எலும்பு முறிவு. இப்போது சரியாகிவிட்டது. பயிற்சி அவளே கொடுக்கிறாள்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“வந்திருப்பேன்.”

“மாசக் கடைசிங்க அன்னிக்கு” என்றாள் அவள். குரலில் கோபம் துளிகூட இல்லை. ஒரு நோயாளியிடம் இந்த மூட்டு இவ்வளவுதான் மடங்கும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

அன்று பகல் பன்னிரண்டே காலுக்கு அவர் பேருந்து நிலையத்தில் இருந்தார். முன்பதிவு இல்லை, பட்டியல் இல்லை, ஒரு மாற்றுச் சட்டை மட்டும். குடையை வீட்டிலேயே மறந்துவிட்டார் என்பது பாதி வழியில் மழை பிடித்தபோதுதான் தெரிந்தது. இருநூற்றுப் பதின்மூன்று கட்டங்களும் கணினியில் காலியாகக் கிடந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, நனைந்து, மூச்சு வாங்க, மனைவி வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த மகள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அப்பா, நீ மட்டும்தான் வந்தியா? உன் சாமான்லாம்?”

ஆறு நாள் இருந்தார். மகளின் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செல்போனை எடுத்துப் பார்த்தார். தலைமை அலுவலகம் கொதித்துப்போயிருக்கும், மேலாளர் தேடிக்கொண்டிருப்பார், மண்டலமே ஸ்தம்பித்திருக்கும். ஒரு அழைப்பும் வரவில்லை.

திரும்பிவந்தபோது மேலாளர் “என்ன சார், உடம்பு இளைச்சுட்டீங்க” என்று மட்டும் கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வரும், வந்ததும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று காத்திருந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். காத்திருந்ததிலேயே ஆகஸ்ட் மாதக் கடைசியும் கடந்துபோனது. இப்போது போகாத அறிக்கை இரண்டு. யாராவது திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். யாரும் எதுவும் கேட்காததுதான் அவரை அரித்தது.

செப்டம்பரில் தாங்க முடியாமல் மூன்று பக்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். குறைபாடு, அதன் மூல காரணம், இனி நேராமல் தடுக்க ஆலோசனைகள், பின்னிணைப்பு. மேலாளர் அறைக்குள் போய் நீட்டினார்.

மேலாளர் முதல் பக்கத்தைப் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பிவந்து முதல் பக்கத்தையே மறுபடி படித்தார்.

“ரெண்டு மாசமா நம்ம ரிப்போர்ட் போகல.”

“ஆமா சார். தப்புதான் சார்.”

“மேலேருந்து யாரும் கேக்கல.”

“கேக்கல சார். எப்ப கேட்டாலும் நான் பொறுப்பு ஏத்துக்கறேன்.”

மேலாளருக்கு நெற்றியில் வேர்த்தது. தன் மேசைக்கே இரண்டு மாதம் வராமலிருந்தும் தான் உட்பட எவனும் கவனிக்காத அறிக்கைக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு மூன்று பேர், மூன்று பேருக்கு மேல் ஒரு மேலாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறி அவர் தன் நாற்காலியில் வந்து நின்றார்.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல சார். ஆடிட்டுக்கு ஒரு காப்பி அனுப்பலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்.”

“ஆடிட்டுக்கா? எதுக்குய்யா?”

“எதுக்கும் இருக்கட்டும்னு சார்.”

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதினாறு வருடமாகத் தன் கண் முன்னால் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்கிய இந்த மனிதன் இவ்வளவு பெரிய கேடியா? அவர் இழுப்பறையைத் திறந்தார். ஏப்ரல் மாத மாற்றல் உத்தரவு அதில் மடங்கிக் கிடந்தது.

“நீங்க நாளைக்கே கிளம்புங்க சார். குடும்பம்தான் முக்கியம். நானே இத முன்னாடியே பண்ணியிருக்கணும்.” கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். ஆடிட்டுக்கு எடுத்து வைத்திருந்த நகலை அன்போடு கேட்டு வாங்கிக்கொண்டார். எதுக்கும் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையை ஒத்துக்கொண்டால் உலகம் இவ்வளவு கனிவாக நடந்துகொள்ளும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று வியந்தபடி மாடியிறங்கினார்.

தலைமை அலுவலகம் பதினான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அவருக்குக் கிடைத்த இருக்கை, நாட்டின் நாற்பது மண்டலங்களிலிருந்தும் மாதக் கடைசி அறிக்கைகள் வந்துசேரும் பிரிவில். பிரிவுத் தலைவி, தலை நரைத்த, வேகமாகப் பேசும் அம்மாள், அவருடைய திரையில் ஓர் அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டினார். படிக்கப்படாதவை மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

“இது தானா வந்து விழும். பதிலும் தானாப் போயிடும், ‘பரிசீலிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை’ன்னு. சான்றிதழ் உள்ளவங்க கையெழுத்து இருக்கணும்னு விதி. அதுக்குத்தான் நீங்க.”

அவர் முதல் வாரம் படித்தார். மூன்று நாளில் இரண்டு மண்டலம். கண் எரிந்தது. கடன் வராது என்று அப்பட்டமாகத் தெரிந்தும் பச்சை தீட்டியிருந்த பதினொரு கட்டங்களைக் கண்டுபிடித்துக் குறிப்பெழுதிக் கொண்டுபோனார். பிரிவுத் தலைவி அதை நன்றாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “சரி, இப்ப இத யார் சரி பண்றது? அந்த மண்டலமா? நம்மளா? நம்மன்னா நீங்கதானே? எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?”

அவர் குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் வீட்டில் இருப்பார். மகளை நீச்சல் பயிற்சிக்குக் கூட்டிப்போவார், கணக்குச் சொல்லிக்கொடுப்பார், பாத்திரம் துலக்குவார். ஒன்றிரண்டு முறை சிரிக்கவும் செய்தார். மனைவி சில மாதம் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

“ஏங்க, அங்க வேலையே இல்லையா?”

“இருக்கு. அது தானா நடக்குது.”

“அப்ப நீங்க என்ன பண்றீங்க?”

“கையெழுத்து.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, துலக்கிய தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். அதற்கு மேல் கேட்டால் ஐந்தே முக்கால் ஏழே முக்காலாகிவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நீச்சல் குளத்துப் படிக்கட்டில் மகளின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. பெரியக்காவிடமிருந்து. தான் கிளம்பிவந்த பிறகு ஹெட்போன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான் என்பதும், மூன்று பேர் பங்கும் பெரியக்கா தலையில் விழுந்துவிட்டது என்பதும் அவர் காதில் விழுந்திருந்தன. விசாரிக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே விட்டிருந்தார். மகள் தண்ணீருக்குள் இருந்து கையை ஆட்டினாள். பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் படித்தார்.

“தம்பி, நல்லா இருக்கியா? பாப்பா கை சரியாயிடுச்சா? இங்க நாலு மாசமா ரிப்போர்ட்ல இருநூத்திப் பதிமூணு கட்டத்துலயும் எங்க வீட்டு கேஸ் கனெக்ஷன் நம்பரத்தான் போட்டு அனுப்பிட்டிருக்கேன். மாசாமாசம் உன் கையெழுத்தோட ‘குறை எதுவும் இல்லை’ன்னு பதில் வருது. போன மாசம் புது வீட்டுக்கு மாறிட்டோம், நம்பர் மாறிடுச்சு. எதுக்கும் உன்ன ஒரு வார்த்த கேட்டுக்கறேன், புது நம்பர் போட்டா ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”